சின்ன டெலிகாம் கம்பெனி ஒன்னு: டெட் ஈக்விட்டி 0.1ஆ, 0.6ஆ, 1.15ஆ?

18.05.2025, ஞாயிறு. காங்கேயத்து தம்பி கேட்டது:

"அண்ணா, ஒரு சின்ன டெலிகாம் கம்பெனி ஷேர் பாத்துட்டு இருக்கறனுங்க. பேரு இங்க போடல. ஃபைபர் இழுத்து ஆபீசு, ஆஸ்பத்திரி, மில்லுன்னு இன்டர்நெட் குடுக்கறவங்க. ஒரு ஆப்ல டெட் டு ஈக்விட்டி 0.6ன்னு போட்டிருக்குது, இன்னொரு ஆப்ல 1.15. கம்பெனிக்காரங்க போட்ட பிரசன்டேஷன்ல 0.1, கிட்டத்தட்ட கடனே இல்லைங்கறாங்க. ஒரே கம்பெனி, ஒரே மார்ச் மாசக் கணக்கு. இதுல எதுங்ணா பொய்?"

18.05.2025, ராத்திரி

மூணுமே ஒரே பேலன்ஸ் சீட்ல இருந்து வந்ததுதான் தம்பி, ஒன்னும் பொய் கெடையாது. டெட் டு ஈக்விட்டின்னா கம்பெனியோட கடன, அதோட சொந்தப் பணத்துல (அதுதான் ஈக்விட்டி) வகுத்து வர்றது. மத்தியானம் அந்த ரிசல்ட் பிடிஎஃப்ப எறக்கி உக்காந்து பாத்தேன். புரியறதுக்காக நெம்பரையெல்லாம் முழுசாக்கிக்கறேன், எல்லாம் கோடில. ஷேர் கேபிடல் 40, ரிசர்வ் 160, ரெண்டும் சேந்து ஈக்விட்டி 200. கடன்ல நீண்ட காலத்துது 90, ஒரு வருசத்துக்குள்ள கட்டவேண்டியது 30, ஆக 120. 120ஐ 200ல வகுத்தா 0.6, மொத ஆப் அதோட நின்னுருச்சு. அதுக்குக் கீழயே லீஸ் லயபிலிட்டின்னு, அதாவது இனி தரவேண்டிய வாடகைன்னு, 110 இருக்குது, அதையும் சேத்தா 230, வகுத்தா 1.15, இது ரெண்டாவது ஆப். கம்பெனிக்காரங்க 120ல இருந்து கையில இருக்கற ரொக்கம், எஃப்டி எல்லாம் சேத்து 100 கோடியக் கழிச்சுட்டு மிச்சம் 20ஐ வகுத்து 0.1ன்னு போட்டுக்கிட்டாங்க. நெட் டெட்டுன்னு பேரு.

கீழ வகுக்கற 200 மூணுலயும் ஒன்னுதான். மேல என்னத்தக் கடன்னு ஒத்துக்கறாங்கங்கறதுதான் மாறுது.

19.05.2025

காலைல பஸ்ல வரும்போது அந்த 100 கோடியப் பத்தியே நெனப்பா இருந்துச்சு. எஃப்டின்னா எல்லா எஃப்டியும் நம்ம பணம் இல்ல. நான் திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில பதினாலு வருசமா கணக்குல இருக்கறேன். நாங்க மெசினுக்கு எல்சி (விக்கறவனுக்குப் பணம் வரும்னு பேங்கு குடுக்கற உறுதி) தெறந்தா பேங்குல மார்ஜின் மணின்னு ஒரு எஃப்டி போடச் சொல்லி லியன் மார்க் பண்ணிருவாங்க. எங்க பேருலதான் இருக்கும், வட்டியும் எங்களுக்குத்தான் வரும், ஆனா சம்பள நாள்ல அத ஒடைக்க முடியாது. மொத மொத வேலைக்கு வந்த வருசம் இது தெரியாம கேஷ் ஃப்ளோ சீட்ல அந்த எஃப்டியையும் எடுத்துக்கலாம்னு எழுதி மொதலாளிகிட்டக் குடுத்துட்டேன், அந்த வாரம் டையிங்காரங்களுக்குப் போட்ட செக்கு திரும்பி வந்துச்சு. இன்னிக்கும் எஃப்டின்னு பாத்தா மொதல்ல லியன் இருக்குதான்னுதான் கண்ணு போகும்.

டெலிகாம் லைசென்ஸ் எடுக்கறவங்க அரசாங்கத்துக்கு பேங்க் கேரன்டி (இவங்க கட்டலைன்னா பேங்கு கட்டும்ங்கற உறுதி) குடுக்கணும். அந்தக் கேரன்டிக்கு பேங்கு எஃப்டி கேக்கும். அதனால இந்த 100ல எத்தன ஃப்ரீயா இருக்குதுன்னு பாக்காம 0.1ஐ நம்பாத. பேலன்ஸ் சீட்ல "மத்த பேங்க் பேலன்ஸ்"னு தனியா ஒரு வரி வரும், அதோட நோட்ல லியன், மார்ஜின்னு எழுதியிருப்பாங்க. ரிசல்ட் பிடிஎஃப்ல நோட் இருக்காது, முழு ஆண்டறிக்கைல வரும். போன வருசத்து அறிக்கைய எறக்கிட்டேன், இப்ப 100 இருக்கற எடத்துல அப்ப 92 இருந்துச்சு, அதுல 61 லியன்ல இருந்துச்சு.

21.05.2025

லீஸ் பத்தி மூணு பேரு கேட்டிருக்காங்க. "வாடகை எப்படிங்க கடனாகும்"னு.

2019 ஏப்ரல் 1ல இருந்து இண்ட் ஏஎஸ் 116ன்னு ஒரு கணக்கு விதி நடைமுறைக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி டவர் வாடகை, ஆபீஸ் வாடகை எல்லாம் மாசா மாசம் செலவுல எழுதிட்டுப் போயிருவாங்க, பேலன்ஸ் சீட்ல தெரியாது. இப்ப அஞ்சு வருசம் பத்து வருசம் வாடகைக்கு ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டா, வரப்போற வாடகையெல்லாம் இன்னிக்கு மதிப்புக்குக் கொறச்சு மொத்தமா கடன் பக்கம் எழுதணும், அதே அளவுக்குக் கிட்டத்தட்ட சொத்துப் பக்கமும் "பயன்படுத்தற உரிமை"ன்னு எழுதணும். மத்த தொழில்ல இது சில்லறை, டெலிகாம்ல இது பெருசு. டவரு, டவர் நிக்கற எடம், ஃபைபர் போற குழாய், எல்லாமே வாடகை.

பொள்ளாச்சிப் பக்கம் எங்க சொந்தக்கார மாமா ஒருத்தரு தென்னந்தோப்பு ஓரத்துல டவருக்கு எடம் விட்டிருக்காரு. அவரப் பொறுத்தவரைக்கும் மாசம் பொறந்தா வாடகை. அந்தக் கம்பெனி கணக்குல அவரு கடன் குடுத்தவரு மாதிரி, அவருக்குத் தரவேண்டிய வருசங்கள் எல்லாம் அந்த லீஸ் வரில உக்காந்திருக்குது. அவருகிட்டச் சொன்னா நம்பமாட்டேங்கறாரு, "நான் எப்ப அவனுக்குக் கடன் குடுத்தேன்"ங்கறாரு.

நான் சேத்துத்தான் பாப்பேன். ஏன்னா வாடகை கட்டலைன்னா டவர்ல லைன் நிக்கும், லைன் நின்னா கஸ்டமர் போயிருவான், பேங்கு வட்டிய விட இதத்தான் மொதல்ல கட்டியாகணும்.

இன்னொன்னு கவனிங்க. இந்த விதி வந்ததுக்கப்பறம் வாடகைங்கற செலவு தேய்மானம், வட்டின்னு ரெண்டாப் பிரிஞ்சு கீழ போயிருச்சு, அதனால எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கறதுக்கு முன்னாடி வர்ற லாபம்) தானாவே பெருசாத் தெரியும். சில பிரசன்டேஷன்ல கடன்னு வரும்போது லீஸ விட்டுருவாங்க, எபிட்டான்னு வரும்போது மட்டும் பெருசான புது எபிட்டாவ எடுத்துக்குவாங்க, அப்பறம் கடன் எபிட்டால ஒரு மடங்குதான்னு சொல்லுவாங்க. ஒன்னு ரெண்டு பக்கமும் சேக்கணும், இல்ல ரெண்டு பக்கமும் விடணும். இந்தக் கம்பெனியும் கடன்ல லீஸ விட்டுட்டு புது எபிட்டாவத்தான் எடுத்திருக்குது, எனக்கு அது புடிக்கல.

25.05.2025

போன வருசத்து ஆண்டறிக்கைல 38வது நோட்ட எல்லாரும் படிங்க. கன்டின்ஜென்ட் லயபிலிட்டி, வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்ங்கற பாக்கி. லைசென்ஸ் கட்டணம் சம்பந்தமா டெலிகாம் துறை கேட்ட பணம் 140 கோடி, கேஸ் நடக்குது, எங்க பக்கம் நியாயம் இருக்குதுன்னு வக்கீல் சொல்லியிருக்காரு, அதனால கணக்குல ஒதுக்கலைன்னு எழுதியிருக்காங்க. பேலன்ஸ் சீட்ல இந்த 140 எங்கயுமே இல்ல.

கேஸ் தோத்தா என்னாகும்? 230ஓட 140 சேத்தா 370, 200ல வகுத்தா 1.85. கொஞ்சம் எச்சுதான், ஆனா செத்துப்போற அளவுக்கு இல்ல.

26.05.2025

மேல போட்டது தப்பு. ஈரோட்டுல ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கற அக்கா ஒருத்தங்க காலைலயே புடிச்சுட்டாங்க. நான் மேல மட்டும் சேத்துட்டு கீழ கை வெக்காம விட்டுட்டேன். கேஸ் தோத்து 140ஐ கணக்குல எழுதினா அது அந்த வருசத்து நட்டம். நட்டம் ரிசர்வ்ல இருந்து போகும். ஈக்விட்டி 200ல 140 போச்சுன்னா 60. அப்ப கணக்கு 370 வகுத்தல் 60, ஆறுக்கு மேல.

1.85க்கும் 6க்கும் எத்தன தூரம்! இந்தத் தொழில்ல ஒரே அடி ரெண்டு பக்கமும் விழுகும், கடன ஏத்தும், மூலதனத்தத் திங்கும். இத நானே வேகவேகமா எழுதும்போது மறந்துட்டனேன்னு இருக்குது. பழசையும் அழிக்காம வெச்சிருக்கறேன், இதே தப்ப இன்னும் நாலு பேரு பண்ணுவாங்க.

27.05.2025

அக்கா இன்னும் ரெண்டு சொன்னாங்க. ஒன்னு, 140ல 35 கோடிய "எதிர்ப்போட" ஏற்கெனவே கட்டி வெச்சிருக்காங்க, அது சொத்துப் பக்கம் டெபாசிட்டா நிக்குது. அதனால புதுசாக் கட்டவேண்டியது 105. அப்ப 335 வகுத்தல் 60, அஞ்சரைக்கு மேல. ரெண்டாவது, இந்த நட்டத்துக்கு வரியில கழிவு கெடைக்கற மாதிரி இருந்தா ஒரு கால்வாசி, 35 கோடி, டெஃபர்டு டாக்ஸா (பின்னால வரியில கழிச்சுக்கற சொத்தா) திரும்ப ஈக்விட்டில நிக்கும், 335 வகுத்தல் 95, மூணரை. ஆனா பின்னால லாபம் வந்தாத்தான் அந்தக் கழிவுக்கு மதிப்பு.

ஆக சுமாரா மூணரைல இருந்து அஞ்சரை வரைக்கும். பிரசன்டேஷன்ல 0.1.

01.06.2025

பல்லடத்துல இருந்து ஒருத்தரு "வக்கீல் நியாயம் இருக்குதுன்னு சொல்றாருல்ல, நீங்க ஏன் பயமுறுத்தறீங்க"ன்னு எழுதியிருக்காரு. ஞாயமான கேள்வி. பயமுறுத்தறதுக்கு இல்லீங்க, இந்தத் தொழில்ல இது நடந்திருக்குது.

1999ல புது டெலிகாம் கொள்கை வந்தப்ப, நிலையான லைசென்ஸ் கட்டணத்துக்குப் பதிலா வருமானத்துல பங்குன்னு மாத்துனாங்க. எது வருமானம்னு சண்டை. போன்ல பேசுன காசு மட்டும்தான்னு கம்பெனிங்க சொன்னாங்க, வட்டி, வாடகை, பழைய சாமான் வித்ததுன்னு எல்லாமே சேரும்னு அரசாங்கம் சொல்லுச்சு. ஏஜிஆர் (கட்டணத்துக்குக் கணக்குல எடுக்கற வருமானம்) கேஸ்னு பேப்பர்ல வந்தது இதுதான். வருசக்கணக்கா கோர்ட்ல கெடந்துச்சு. கம்பெனிங்க தகராறுல இருக்கற தொகைன்னு நோட்ல எழுதிட்டு தூங்குனாங்க. 2019 அக்டோபர் 24ல சுப்ரீம் கோர்ட் அரசாங்கம் பக்கம் தீர்ப்பு சொல்லிருச்சு. மூணு வாரத்துல, நவம்பர் 14ல, அந்தக் காலாண்டு ரிசல்ட் வந்தப்ப வோடஃபோன் ஐடியா 50,921 கோடி நட்டம், ஏர்டெல் 23,045 கோடி நட்டம். நோட்ல கெடந்தது மேல ஏறி உக்காந்துருச்சு.

அதுல எனக்கு வயிறு கலங்குன விசயம் என்னன்னா, லைசென்ஸ் கட்டணமாக் கேட்ட 92,000 கோடிக்கு மேல இருந்ததுல அசல் சுமாரு 23,000 கோடிதான். மிச்சம் பூராம் வட்டி, அபராதம், அபராதத்துக்கு வட்டி. நம்மூர்ல மீட்டர் வட்டி வாங்கி நொந்தவங்களுக்கு இத வெளக்கவே வேண்டியதில்ல. கேஸ் இழுக்க இழுக்க கடன் தூங்காது.

எல்லாக் கேஸும் அப்படித்தான் முடியும்னு சொல்லல. அதே தீர்ப்ப வெச்சு எரிவாயுக் கம்பெனி கெயில் மாதிரி அரசாங்கக் கம்பெனிகளையும் கேட்டாங்க, கெயில் கிட்ட மட்டும் 1.72 லட்சம் கோடி. 2020 ஜூன்ல கோர்ட் இதென்ன நியாயம்னு கேட்டதுக்கப்பறம் அந்த வகைல பெரும்பகுதிய வாபஸ் வாங்கிக்கிட்டாங்க. அதனால நம்ம கம்பெனியோட 140 எந்தப் பக்கம் விழுகும்னு எனக்கு ஜோசியம் இல்ல. விழுந்தா தாங்குமாங்கறது மட்டும்தான் நான் போடற கணக்கு.

14.06.2025

தம்பி ஒரு ஸ்கிரீன்சாட் அனுப்பிச்சான், ஸ்கிரீனர்ல (ஷேர சலிச்செடுக்கற வெப்சைட்) "டெலிகாம், டெட் ஈக்விட்டி 0.5க்குக் கீழ"ன்னு ஃபில்டர் போட்டானாம். வந்த லிஸ்ட்ல டாட்டா டெலிசர்வீசஸ் மகாராஷ்டிராவும் ஜிடிஎல் இன்ஃப்ராவும் இருக்குது. "கடன் கம்மியான கம்பெனிங்களா இதெல்லாம்"னு சந்தோசமாக் கேக்கறான்.

கண்ணு, அது ரெண்டும் மைனஸ். பல வருசமா நட்டம் சேந்து சேந்து ஈக்விட்டி சைபருக்குக் கீழ போயிருச்சு. கடன மைனஸ் நெம்பர்ல வகுத்தா விடை மைனஸ்லதான் வரும், மைனஸ் எல்லாமே 0.5க்குக் கீழதான, ஃபில்டருக்கு என்ன தெரியும். 0க்கு மேல 0.5க்குக் கீழன்னு ரெண்டு பக்கமும் வேலி போடு. ஈக்விட்டி மைனஸ் ஆனதுக்கப்பறம் இந்த விகிதத்துக்கு அர்த்தமே கெடையாது. டாட்டா டெலிசர்வீசஸ் மாதிரி எடத்துல பின்னால நிக்கற தாய்க் கம்பெனி எவ்வளவு நாளைக்குத் தூக்கிப் புடிக்கும்ங்கறதுதான் கேள்வி, அத இந்த நெம்பர்ல தேடக்கூடாது.

ஜிடிஎல் கதைய சின்னக் கம்பெனி வாங்கறவங்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும். 2010ல ஏர்செல்லோட 17,500 டவர 8,400 கோடிக்கு வாங்க ஒப்பந்தம் போட்டாங்க, பெரும்பாலும் கடன். டவரு சொத்துதான, வாடகை வரும்ல. 2018 பிப்ரவரி கடைசில ஏர்செல் திவால் மனு போட்டுச்சு. டவர் நின்ன எடத்துலயே நின்னுச்சு, வாடகைக்காரன் போயிட்டான். வாடகைக்காரன் இல்லாத டவரோட மதிப்ப கணக்குல கொறச்சுத்தான எழுதணும், அந்தக் கொறச்சல் ஈக்விட்டில இருந்துதான் போகும். கடன் மட்டும் கொறையாது. விகிதத்துல கீழ இருக்கற நெம்பர யாரும் பாக்கறதில்ல, எல்லாரும் மேல கடன் ஏறுதான்னே பாப்பாங்க. பாதி கம்பெனி கீழ இருக்கறது கரைஞ்சுதான் செத்துருக்குது.

நம்ம கம்பெனிக்கும் இத ஓட்டிப் பாத்தேன். ஒரே கஸ்டமர்கிட்ட இருந்து வருமானத்துல பத்து சதத்துக்கு மேல வந்தா செக்மென்ட் நோட்ல சொல்லணும். அப்படி யாரும் இல்லைன்னு எழுதியிருக்குது. இது நல்லது, மனசார நல்லதுன்னு சொல்றேன்.

29.06.2025

ஈக்விட்டி 200ன்னு அப்பவே ஒத்துக்கிட்டுப் போயிட்டேன், அதையும் கொஞ்சம் கிளறணும்.

எங்க கம்பெனிக்கு லிமிட் ரினிவல் வரும்போது பேங்குக்கு சிஎம்ஏ டேட்டா (கடன் லிமிட்டுக்கு பேங்கு கேக்கற கணக்கு அட்டவணை) போட்டுக் குடுப்பேன். பழைய மேனேஜர் ஒருத்தரு இருந்தாரு, செவப்புப் பென்சில் வெச்சிருப்பாரு, நம்ம ஈக்விட்டின்னு எழுதுனதப் பாத்தொடனே பக்கத்துல சாஃப்ட்வேர், குட்வில் (இன்னொரு கம்பெனிய வாங்கும்போது சொத்து மதிப்புக்கு மேல குடுத்த காசு), டிரேட்மார்க்னு இருக்கற வரியெல்லாம் ஒரே கோட்டுல அடிச்சு, கழிச்சு, கீழ புது நெம்பர் எழுதுவாரு. "தொட்டுப் பாக்க முடியாதது எனக்கு சேராது"ம்பாரு. பேங்குல டெட் ஈக்விட்டிய விட டிஓஎல் பை டிஎன்டபிள்யூங்கறதத்தான் பெருசாப் பாப்பாங்க. மேல வெளில தரவேண்டியது அத்தனையும், நூல்காரனுக்கு, டையிங்காரனுக்குத் தரவேண்டியது உள்பட. கீழ தொட்டுப் பாக்கற நிகர மதிப்பு மட்டும்.

அதே பென்சில இங்க ஓட்டுனேன். கடன் 120, லீஸ் 110, சரக்கு சேவைக்குத் தரவேண்டியது 60, கேபிள், சுவிட்ச் வாங்கி இன்னும் பணம் தராத சப்ளையர் பாக்கி 40, மத்தது 20. மொத்தம் 350. கீழ 200ல குட்வில் 45 போனா 155. வகுத்தா ரெண்டேகால். அந்த 40 கோடி சப்ளையர் பாக்கிய எந்த ஆப்பும் கடன்னு எடுக்கல. நூல்காரனுக்கு முப்பது நாள்ல தரவேண்டியத அறுபது நாள் இழுத்தா அவன் அடுத்த வண்டி அனுப்பமாட்டான், இவங்களுக்கும் அதே கதைதான்.

30.06.2025

ஒரு நாள் தூங்கி எந்திரிச்சு யோசிச்சா, மேனேஜர் பென்சில அப்படியே டெலிகாம்ல ஓட்டக்கூடாதுன்னு தோணுது. பெரிய மொபைல் கம்பெனிகளோட ஸ்பெக்ட்ரம் (அலைவரிசை உரிமை) இன்டான்ஜிபிள்ல, அதாவது தொட்டுப் பாக்க முடியாத சொத்துலதான் வருது. அத அடிச்சுட்டா இந்தத் தொழில்ல முக்கியமான சொத்தையே அடிச்ச மாதிரி, 2015ல இருந்து கம்பெனிங்களுக்குள்ள ஸ்பெக்ட்ரம வாங்கி விக்கவும் விதி இருக்குது. அதனால குட்வில்ல அடிக்கலாம், ஸ்பெக்ட்ரம அடிக்கறதுக்கு முன்னாடி இன்னும் எத்தன வருசம் உரிமை பாக்கி இருக்குதுன்னு பாக்கணும். நம்ம கம்பெனில ஸ்பெக்ட்ரம் இல்ல, குட்வில் மட்டும்தான். 45ஐ அடிச்சது சரிதான்.

12.07.2025

ஒரு குறிப்பு மட்டும். "கடன் கொறஞ்சா ஷேர்காரனுக்கு நல்லதுதான"ன்னு கேக்கறவங்களுக்கு: எப்படிக் கொறஞ்சுச்சுன்னு பாருங்க. வோடஃபோன் ஐடியால அரசாங்கத்துக்குத் தரவேண்டிய பாக்கிய 2023 பிப்ரவரில 16,133 கோடிக்கும், 2025 ஏப்ரல்ல 36,950 கோடிக்கும் ஷேரா மாத்துனாங்க, ஷேர் 10 ரூவான்னு. பாக்கி அந்தளவுக்குக் கொறஞ்சுச்சு. அரசாங்கத்தோட பங்கு 48.99 சதம் ஆயிருச்சு. பழைய ஷேர்காரன் வெச்சிருந்த ரொட்டி அதேதான், துண்டு சின்னதாயிருச்சு.

03.08.2025, ஆடிப் பதினெட்டு

இன்னிக்கு லீவு, காலைல பவானி கூடுதுறைக்குப் போயிட்டு வந்து உக்காந்திருக்கறேன். ரெண்டு மாசமா மனசுல இருந்தத இன்னிக்கு எழுதிடறேன், கொஞ்சம் நீளும்.

1996ல எங்கப்பா சோமனூர்ப் பக்கம் எட்டுத் தறி போட்டாரு. கைப்பணம் ரெண்டு லட்சம், அம்மா நகை வித்ததும் அதுல இருக்குது. பேங்குல ஒன்னரை லட்சம். அம்மாவோட அண்ணன், எங்க மாமன், ஒரு லட்சம் குடுத்தாரு, வட்டி இல்ல, பத்திரம் இல்ல, "இருக்கும்போது குடு"ன்னாரு. இன்னிக்கு நான் கணக்குப் போட்டா ரெண்டரை வகுத்தல் ரெண்டு, டெட் ஈக்விட்டி 1.25. அப்பாவப் பொறுத்தவரைக்கும் கடன் ஒன்னரை லட்சம்தான், மாமன் பணத்த அவரு கடன்னே நெனைக்கல, சொந்தப் பணம் மாதிரி. அவரு கணக்குல 0.75.

பேங்குக்காரங்க ஒரு நாளும் தொந்தரவு பண்ணல. மாசத் தவணை, கூலி வந்தொடனே போயிரும். நாலாவது வருசம் ஐப்பசில, மழை விட்ட ஒரு சாயங்காலம் மாமன் வந்தாரு. கயித்துக்கட்டல்ல உக்காந்து மோரு குடிச்சுட்டு, சொம்பக் கீழ வெக்காம கையிலயே உருட்டிட்டு இருந்தாரு. பெரிய புள்ளைக்கு இடம் கூடிருச்சு, தையில முகூர்த்தம்னாரு. வேற ஒன்னும் கேக்கல. கேக்கவும் வேண்டியதில்ல. அப்பா "சரிங்க மச்சான், ஆயிரும்"னாரு. அப்ப ஊருப்பட்ட தறி நிக்குது, பாவு (தறில நெய்யற நூல்) வர்றதே வாரத்துக்கு ரெண்டுதான். அந்த நேரத்துல எவன் தறி வாங்குவான்?

மூணு தறிய பழைய இரும்பு வெலைக்குப் போட்டாரு. பிரிச்சு ஏத்துன அன்னிக்கு நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பாத்தேன். குடோன்ல அந்த மூணு தறி நின்ன எடத்துல போல்ட் குழியும், அதச் சுத்தி எண்ண குடிச்ச கருப்புக் கட்டமும் மட்டும் இருந்துச்சு. அம்மா அதச் சுத்திச் சுத்திக் கூட்டிட்டு இருந்தாங்க. மாமன் கடன் கழிஞ்சிருச்சு. இருந்தது அஞ்சு தறி, பேங்குத் தவணை மட்டும் எட்டுத் தறிக்குப் போட்ட தவணை. கடன் கொறஞ்சு எங்க விகிதம் நல்லா ஆச்சு, வீடு அன்னில இருந்துதான் கஷ்டத்துக்கு வந்துச்சு.

மாமன் மேல இன்னிக்கும் ஒரு கோவமும் இல்ல, அவரு புள்ளைக்கு அவரு பணம். ஆனா எந்த கம்பெனி கடனப் பாத்தாலும் எவ்வளவுங்கறதுக்கு முன்னாடி யாரு பணம், எப்பக் கேக்கலாம்னுதான் நான் பாப்பேன். இந்தக் கம்பெனில ஒரு வருசத்துக்குள்ள கட்டவேண்டிய 30 கோடி யாருதுன்னு ரிசல்ட்ல இல்ல. ஆண்டறிக்கை வரட்டும்னு காத்துட்டு இருக்கறேன்.

04.08.2025

பாத்து எழுதுன அத்தன பேருக்கும் சொல்றனுங்க, அப்பா நல்லா இருக்காரு. தறிய 2011ல வித்தாச்சு.

ஆண்டறிக்கைல எங்க தேடறதுன்னு கேட்ட தம்பிக்கு: 2021-22ல இருந்து ஒவ்வொரு கம்பெனியும் டெட் ஈக்விட்டி உள்பட விகிதங்கள நோட்ல போடணும், மேல எது கீழ எதுன்னும் எழுதணும், போன வருசத்துல இருந்து 25 சதத்துக்கு மேல மாறுனா காரணம் சொல்லணும். அந்த நோட்ட மொதல்ல எடு. அப்பறம் லிக்விடிட்டி ரிஸ்க்னு ஒரு அட்டவணை, ஒரு வருசத்துல எவ்வளவு, அஞ்சு வருசத்துல எவ்வளவுன்னு இருக்கும். கடைசியா ஆடிட்டர் அறிக்கையோட இணைப்புல ஒம்பதாவது பிரிவு. தவணை தவறுனாங்களா, குறுகிய காலக் கடன நீண்ட கால வேலைக்குத் திருப்பினாங்களான்னு ஆடிட்டர் அதுல சொல்லியாகணும்.

06.09.2025, சனி

பத்து நாளா இந்தப் பக்கம் வரமுடியல. 2025 ஆகஸ்ட் 27ல அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதம் வரி போட்டுச்சு, எங்களுக்கு அங்க போற ஆர்டர் ரெண்ட நிறுத்தி வெக்கச் சொல்லிட்டாங்க, வெட்டுன துணி அப்படியே கெடக்குது. எங்க சொந்த சிஎம்ஏவ உக்காந்து திருத்தி எழுதிட்டு இருக்கறேன், ஈக்விட்டி எவ்வளவு கரையும்னு இந்தத் தடவை எங்களுக்கே போட்டுப் பாக்கறேன்.

நேத்து ராத்திரி நம்ம டெலிகாம் கம்பெனியோட ஆண்டறிக்கை வந்துருச்சு. கண்டதச் சொல்றேன். விகித நோட்ல அவங்களே 1.15ன்னு போட்டிருக்காங்க, லீஸையும் சேத்து. சட்டத்துக்கு எழுதும்போது 1.15, பிரசன்டேஷன்ல 0.1. 100 கோடி ரொக்கத்துல 64 லியன்ல. ஃப்ரீயா இருக்கறது 36. கேஸ் தொகை 140 இப்ப 152, வட்டி ஏறியிருக்குது. ஆடிட்டர் ஒம்பதாவது பிரிவுல தவணை தவறல, குறுகிய காலப் பணத்தத் திருப்பல, ரெண்டும் சுத்தம். அட்டவணைப்படி ஒரு வருசத்துக்குள்ள போகவேண்டியது கடன்ல 30, லீஸ்ல 24. தொழில்ல இருந்து வந்த ரொக்கம் போன வருசம் 80க்குப் பக்கம். அத வெச்சு இது ரெண்டையும் கட்டிரலாம். நான் எதிர்பாத்தத விட நல்லா இருக்குது.

அப்பறம் அந்த 30. அதுல 22 புரமோட்டரோட (கம்பெனிய நடத்தற மொதலாளியோட) இன்னொரு கம்பெனி குடுத்தது, 9 சதம் வட்டி, "கேட்டவுடன் திருப்பித் தரத்தக்கது".

ரெண்டு தடவ படிச்சேன். பேங்குல இந்த மாதிரிப் பணத்த மூலதனம் மாதிரி எடுத்துக்கணும்னா, பேங்குக் கடன் தீர்ற வரைக்கும் கேக்கமாட்டேன்னு புரமோட்டர் எழுதிக் குடுக்கணும். அப்படி ஒரு எழுத்து இருக்குதான்னு அறிக்கைல எங்கயும் இல்ல, நோட்டு நோட்டாத் தேடிட்டேன். அந்த இன்னொரு கம்பெனிக்கு ஒரு பணமுடை வந்தா, ஃப்ரீயா இருக்கற 36ல 22 ஒரே நாள்ல போயிரும்.

தம்பி, வாங்கறதா வேண்டாமான்னு நீ கேட்டுட்டே இருக்கற. இதுக்குப் பதில் வர்ற வரைக்கும் பொறு. நான் ஜூலைலயே பத்து ஷேர் வாங்கி வெச்சிருக்கறேன், இந்தக் கேள்வியக் கேக்கறதுக்குத்தான். ஏஜிஎம் (ஷேர்காரங்களோட வருசக் கூட்டம்) 29ந் தேதி வீடியோல நடக்குது, பேசறதுக்கு இன்னிக்குக் காலைல பேரு குடுத்துட்டேன். ரெண்டே கேள்வி எழுதி மெயில் போட்டிருக்கறேன்: அந்த 22 கோடியக் கேக்கமாட்டோம்னு எழுத்து இருக்குதா, இருந்தா எந்தத் தேதி வரைக்கும்? 152 கோடிக் கேஸ் தோத்தா எந்தப் பணத்துல கட்டுவீங்க? பதில் வந்தொடனே வந்தபடியே இங்க போடறேன்.